ஒருமுறை மட்டும்: ஒரு பழைய பேட்டர்னும் அதன் மேல் விழுந்த பழியும்

1996-ல் டக்ளஸ் ஷ்மிட், டிம் ஹாரிசன் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயர் ‘டபுள்-செக்டு லாக்கிங்’. பேட்டர்ன்களுக்கென்றே நடக்கும் பிஎல்ஓபி மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் ஜாவா உலகத்தின் பெரிய தலைகள் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள்: டபுள்-செக்டு லாக்கிங் உடைந்தது என்று. பில் பியூ, டக் லீ, ஜோஷுவா ப்ளாக், கிளிஃப் கிளிக் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. இன்றும் ஒரு இன்டர்வியூவில் இந்தப் பேரை எடுத்தால் "அது புரோக்கன், யூஸ் பண்ணக்கூடாது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

சரி. இப்போது சி++-ல் ஒரு ஃபங்ஷனுக்குள்ளே கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒரு ஸ்டாட்டிக் வேரியபிளை அறிவித்து, ஜிசிசி அதற்கு என்ன அசெம்பிளி தருகிறது என்று பாருங்கள். முதலில் ஒரு பைட்டைப் பார்க்கும். அது பூஜ்யம் என்றால் மட்டும் காவல் ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்தக் காவல் உள்ளே போய் இன்னொரு தடவை பார்க்கும். இது டபுள்-செக்டு லாக்கிங்தான். கோ மொழியின் சிங்க்.ஒன்ஸ் மூலக்கோடைத் திறந்தால் அங்கேயும் இதே கதை. உடைந்த சாமான் எப்படி எல்லாருடைய வீட்டு அஸ்திவாரத்திலும் இருக்கிறது?

இந்தக் கேள்விக்காக இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். எனக்குப் பட்டது இது: அறிக்கை தன் தலைப்பில் தப்பான ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, இரு தரப்பும் வேகம், வரிசை என்ற இரண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், ‘ஒருமுறை’ என்ற சொல்லுக்குள் இருக்கும் மிச்சக் கேள்விகள் ஓரமாகப் போய்விட்டன. அந்த மிச்சத்தில்தான் இன்றைக்கு சர்வர்கள் விழுகின்றன.

முதலில் கட்டுரை. 1994-ல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தின் சிங்கிள்டன் எல்லாருக்கும் தெரியும். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பொருள். முதல் தடவை கேட்கும்போது உருவாகும். ஒரே த்ரெட் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே ‘காலியா இருக்கே’ என்று பார்த்தால் இரண்டு பொருள் உருவாகிவிடும். லாக் போட்டால் தீரும். ஆனால் உருவாக்கும் வேலை ஒரே ஒரு தடவைதான் நடக்கிறது. லாக் செலவோ அதற்குப் பிறகு வரும் லட்சக்கணக்கான அழைப்புகள் ஒவ்வொன்றுக்கும் விழுகிறது. ஷ்மிட்டும் ஹாரிசனும் சொன்ன வழி:

பொருளைக் கொடு:
  பொருள் காலியாக இருந்தால்
    லாக் எடு
    பொருள் இன்னமும் காலியாக இருந்தால்
      பொருள் = புதிதாக உருவாக்கு
    லாக் விடு
  பொருளைத் திருப்பிக் கொடு

அழகாக இருக்கிறது. ஆறு வரி, படித்தவுடன் தலையாட்டத் தோன்றும். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இடிக்கிறது. நோக்கம், பின்னணி, அமைப்பு, விளைவுகள் என்று போகும் பேட்டர்ன் கட்டுரை வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. விளைவுகள் பகுதியில் இரண்டு மூன்று குறைகளைச் சொல்லிவிட்டால், சொல்ல வேண்டிய குறையெல்லாம் சொல்லியாச்சு என்ற நம்பிக்கை வாசகனுக்கு வந்துவிடும். இந்தக் கட்டுரையும் ஒரு குறையைச் சொன்னது: பாயிண்டரில் எழுதுவது சில இயந்திரங்களில் ஒரே அடியில் முடியாமல் பாதி பாதியாக நடக்கலாம், கவனம் என்று. நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஆபத்து அங்கே இல்லை. பாயிண்டர் முழுசாகவே எழுதப்படும். அது காட்டும் இடத்தில் பொருள் இன்னும் முழுசாகியிருக்காது.

‘பொருள் = புதிதாக உருவாக்கு’ என்ற ஒரு வரிக்குள் மூன்று வேலை இருக்கிறது. மெமரி ஒதுக்குவது, அதில் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டுவது, பாயிண்டரில் முகவரியை எழுதுவது. நாம் எழுதிய வரிசை இதுதான் என்று நாம் நினைக்கிறோம். கம்பைலருக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. ஒரே த்ரெட்டின் பார்வையில் விடை மாறாதவரை இரண்டாவதையும் மூன்றாவதையும் அது இடம் மாற்றலாம். மாற்றினால்? சுவர் எழும்பும் முன்பே கதவு எண் பலகை மாட்டியாச்சு. முதல் த்ரெட் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது த்ரெட் வெளியே நின்று, லாக் எடுக்காமல், பலகையைப் பார்க்கிறது. காலி இல்லை, எனவே வீடு ரெடி. நேராக உள்ளே போகிறது.

அறிக்கை இதை வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. சிமாண்டெக் ஜிட் கம்பைலர் உண்மையிலேயே தந்த மெஷின் கோடை எடுத்துப் போட்டு, பாருங்க, முகவரி எழுதப்பட்டதுக்கு அப்புறம்தான் கன்ஸ்ட்ரக்டர் வேலை ஓடுது என்று விரல் வைத்துக் காட்டியது. அதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உத்தியைக் காப்பாற்ற ஜனங்கள் என்னென்ன ஒட்டுப்போடுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றையும் எடுத்து உடைக்கிறார்கள். உள்ளே இன்னொரு லாக் போட்டு முதலில் கட்டி முடித்துவிட்டு, அது வெளியே வந்த பிறகு முகவரியை எழுதினால்? ஆகாது. லாக்குக்கு வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ள கம்பைலருக்கு அனுமதி உண்டு. உள்ளே இருப்பதை வெளியே தள்ளத்தான் தடை. லாக் என்பது இரு பக்கமும் மூடிய பெட்டி என்ற நம் எல்லாருடைய மனப்படத்தையும் இந்த ஒரு பத்தி கலைத்துப் போடுகிறது.

அப்புறம் கம்பைலரே ஒழுங்காக நடந்தாலும் சிபியு சும்மா இருக்காது. டெக் ஆல்ஃபாவில் எழுதும் த்ரெட் வரிசையாக எழுதினாலும், படிக்கும் த்ரெட் புது முகவரியைப் படித்துவிட்டு அந்த முகவரியில் பழைய குப்பையைப் பார்க்கலாம். எழுதுபவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது, படிப்பவரும் தன் பக்கம் ஒரு தடுப்பு போட வேண்டும். ஷ்மிட் தரப்பையும் விட்டுக்கொடுக்காமல் சொல்லணும்: 2000-ல் அவர் மற்றவர்களோடு எழுதிய பேட்டர்ன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இந்தப் பல-சிபியு பிரச்சினை குறைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் திருத்தம் குறைகள் பட்டியலில் ஒரு உருப்படியாகத்தான் வந்தது; மக்கள் மனசில் பதிந்திருந்ததோ அந்த ஆறு வரி. எச்சரிக்கை இல்லாமல் அது மட்டும் கைமாறிக்கொண்டே போனது.

பல வருஷம் யாருக்கும் அடி விழாததற்கும் காரணம் இருக்கிறது. இன்டெல் வகை சிபியுக்கள் ஒரு த்ரெட்டின் எழுத்துகளை வரிசை மாற்றாமல்தான் மற்றவர்களுக்குக் காட்டும். ஆர்ம் சிபியுவில் அந்தத் தயவு கிடையாது. 2008-ல் ஆண்ட்ராய்டு போன், 2018-ல் அமேசானின் கிராவிட்டான் சர்வர், 2020-ல் ஆப்பிளின் எம்1 என்று ஆர்ம் ஒவ்வொரு இடமாக வந்து சேர்ந்தது. லேப்டாப்பில் வருஷக்கணக்காக ஓடிய கோடு அங்கே போய் எப்போதாவது ஒரு தடவை விழும். டெஸ்ட்டில் சிக்காது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் சிக்காமல் போகலாம்.

இவ்வளவும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஏன் தலைப்பைப் பற்றி முணுமுணுக்கிறேன்? உடைந்திருந்தது அந்த உத்தி இல்லை, அதை எழுத வேண்டிய மொழி. ‘இந்த எழுத்து மற்றவர்களுக்குத் தெரிந்தால், இதற்கு முன் நான் எழுதியதெல்லாமும் தெரிய வேண்டும்’ என்று சொல்வதற்கு அன்றைய ஜாவாவில் லாக்கைத் தவிர சரியான வழி இல்லை. வோலடைல் இருந்தது, ஆனால் அதன் அர்த்தம் அவ்வளவு பலமாக இல்லை. ஜேஎஸ்ஆர்-133 வழியாக 2004-ல் ஜாவா 5 வந்தபோது வோலடைலுக்கு அந்த அர்த்தம் கிடைத்தது. அதோடு அதே ஆறு வரி, ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகிவிட்டது. அறிக்கையே பின்னால் ஒரு பகுதி சேர்த்து இதைச் சொல்கிறது. தலைப்பு மட்டும் மாறவில்லை. தலைப்பைத் தாண்டி எத்தனை பேர் படிக்கிறார்கள்!

சி++ பக்கம் இந்த உண்மையை இன்னும் நேராகச் சொன்னார்கள். ஸ்காட் மேயர்ஸும் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்குவும் 2004-ல் டாக்டர் டாப்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, தற்காலிக வேரியபிள், வோலடைல் என்று ஒவ்வொரு தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டு, சி++ மொழிக்குத் த்ரெட் என்றால் என்னவென்றே தெரியாது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அடுத்த வருஷம் ஹான்ஸ் போம், த்ரெட்டை ஒரு லைப்ரரியாக மட்டும் தர முடியாது என்ற வாதத்தையே ஒரு ஆய்வுக்கட்டுரையின் தலைப்பாக வைத்தார். சி++11-ல் மெமரி மாடல் வந்தது. கூடவே ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் தானாகவே பாதுகாப்பாக உருவாகும் என்ற உறுதியும் வந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது வர விஷுவல் ஸ்டூடியோ 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உத்தி சாகவில்லை. நம் கையிலிருந்து கம்பைலர் எழுதுபவர் கைக்குப் போய்விட்டது.

வரிசை விவாதம் இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஒருமுறை’ என்பதன் அர்த்தம் மட்டும் இன்னும் முடியவில்லை.

கோ மொழியின் சிங்க்.ஒன்ஸ் கோடில் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்ததிலேயே சிறந்த விமர்சனம் அதுதான் என்பேன், அது ஒரு கமெண்ட் மட்டுமே என்றாலும். தப்பான வழி இது என்று சொல்லி அது காட்டுவது: ஒரு கொடியை அணு முறையில் 0-லிருந்து 1-ஆக மாற்றிப் பார், மாற்ற முடிந்தவர் வேலையைச் செய்யட்டும். லாக்கே இல்லை. வேலை நிச்சயம் ஒரே தடவைதான் நடக்கும். ‘ஒருமுறை’ என்ற சொல்லுக்கு அகராதிப்படி இது போதும். ஆனாலும் தப்பு. இரண்டாவதாக வந்தவர் கொடி 1 என்று பார்த்து உடனே திரும்பிவிடுவார், வேலையோ இன்னும் நடந்துகொண்டிருக்கும். மோட்டார் ஸ்விட்ச் போட்டாச்சு என்பதைப் பார்த்து மாடியில் குழாயைத் திறந்தால் என்ன வரும்? காற்றுதான் வரும். தொட்டி இன்னும் நிரம்பவில்லை.

அதனால் இங்கே வாக்குறுதி மூன்று. ஒரு தடவைக்கு மேல் ஓடாது. முடியாமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். தாண்டியவர் முழுசாகக் கட்டியதைத்தான் பார்ப்பார். பெயர் முதல் வாக்குறுதியை மட்டும் சொல்கிறது. நமக்குத் தேவையானது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்.

நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. வேலை தோற்றுப்போனால்? 1996 கட்டுரையும் சரி, அறிக்கையும் சரி, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்ஸ்ட்ரக்டர் எப்போதும் வெற்றிபெறும் என்ற உலகத்தில் இருவரும் சண்டை போட்டார்கள். நிஜத்தில் ஒருமுறை செய்யும் வேலை என்பது கான்ஃபிக் ஃபைல் படிப்பது, டேட்டாபேஸ் இணைப்பு எடுப்பது, சான்றிதழ் ஏற்றுவது. எல்லாமே தோற்கக்கூடிய வேலைகள். அதுவும் சர்வர் எழும்பும் முதல் நிமிடத்தில், மற்ற எதுவும் இன்னும் எழும்பாத நேரத்தில், தோற்க அதிக வாய்ப்புள்ளவை.

ஒவ்வொரு மொழியும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே போகாது. சி++ ஸ்டாட்டிக்: எக்ஸெப்ஷன் வந்தால் நடக்காத மாதிரியே கணக்கு, அடுத்து வருபவர் மறுபடி முயல்வார். ஜாவாவின் வகுப்பு துவக்கம்: முதல் தடவை ஒரு பிழை, அதற்குப் பிறகு அந்த வகுப்பைத் தொடும்போதெல்லாம் வகுப்பே கிடைக்கவில்லை என்ற வேறொரு பிழை. மூல காரணம் பழைய லாகில் எங்கோ கிடக்கும், தேடுபவர் கிளாஸ்பாத்தைக் குடைந்துகொண்டிருப்பார். ரஸ்ட் மொழியின் ஒன்ஸ்: விஷம் ஏறியது என்று குறித்துக்கொண்டு, பின்னால் வருபவரையும் பேனிக் ஆக்கும். அதே ரஸ்டின் ஒன்ஸ்லாக்: விஷம் இல்லை, அடுத்தவர் முயலலாம். பழைய பாசிக்ஸ் பி-த்ரெட் ஒன்ஸுக்கு நாம் தரும் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது, எனவே தோல்வி என்று சொல்ல வாயே இல்லை.

சி++-ன் கால்-ஒன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. தோற்றால் அடுத்தவர் முயல்வார் என்று ஸ்டாண்டர்டு எழுதிவைத்தது. ஜிசிசியின் லைப்ரரி அதை பி-த்ரெட் ஒன்ஸ் மேல் கட்டியது. அதற்கு எக்ஸெப்ஷன் என்றால் என்னவென்று தெரியாத தளங்களில், முதல் முயற்சி எக்ஸெப்ஷனோடு வெளியேறிய பிறகு அடுத்து வந்தவர் வராத ஒருவருக்காகக் காத்துக்கொண்டே நின்றார்.

கோவில் பேனிக் ஆனாலும் வேலை முடிந்ததாகவே கணக்கு. பேனிக் கூட வேண்டாம். இந்த மாதிரிக் கோடை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்: ஒன்ஸுக்குள்ளே டேட்டாபேஸ் இணைப்பு எடுத்து, இணைப்பையும் பிழையையும் வெளியே இருக்கும் இரண்டு வேரியபிளில் போட்டு வைப்பது. சர்வர் எழும்பும்போது டிஎன்எஸ் 2 செகண்ட் தயாராக இல்லை என்று வையுங்கள். பிழை வேரியபிளில் பதிந்தது. ஒன்ஸ் முடிந்தது. 3-வது செகண்டில் டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த சர்வர் மட்டும் ரீஸ்டார்ட் பண்ணும்வரை அந்தப் பழைய பிழையையே எல்லாருக்கும் திருப்பித் தரும். லாக் சரி, மெமரி வரிசை சரி, ரேஸ் டிடெக்டரும் ஒன்றும் சொல்லாது. 1996-லிருந்து நடந்த விவாதம் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் எழுதினாலும் இதே கோடு வரும்.

அப்படியானால் சி++ மாதிரி மறுபடி முயல்வதுதான் நல்லதா என்றால், அதற்கும் விலை இருக்கிறது. 20 த்ரெட் காத்திருக்கிறது, இணைப்பு முயற்சி ஒவ்வொன்றும் 30 செகண்ட் கழித்துத்தான் டைம்அவுட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 30 செகண்டில் தோற்பார். லாக் அடுத்தவருக்குப் போகும், அவரும் 30 செகண்ட். வரிசையில் கடைசி ஆளுக்குப் பிழை கிடைக்க 10 நிமிடம். அதற்குள் அவருடைய யூசர் எப்போதோ போய்விட்டிருப்பார். எல்லாரும் சேர்ந்து ஒரே முயற்சியின் முடிவைப் பகிர்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வருபவர் மட்டும் புதிதாக முயல வேண்டும். நமக்கு வேண்டியது இதுதான். இது ‘ஒருமுறை’ என்ற வேலையே இல்லை. வேறு பெயரும் வேறு கருவியும் வேண்டிய வேலை. தோற்கக்கூடிய எதையும் ஒன்ஸுக்குள் வைக்காதீர்கள் என்று லைப்ரரி ஆவணங்கள் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். கோ 1.21-ல் மதிப்பைத் திருப்பித் தரும் ஒன்ஸ் வடிவங்கள் சேர்ந்தன. பேனிக் ஆனால் அதே பேனிக்கை ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி எழுப்பும். தோல்வியை மறைக்காது என்ற அளவில் முன்னேற்றம். மறுபடி முயலாது என்ற அளவில் அதே இடம்.

இன்னொரு சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ஸுக்குள் ஓடும் வேலை சுற்றி வந்து அதே ஒன்ஸைக் கூப்பிட்டால் தன்னையே எதிர்பார்த்து நின்றுவிடும். ஜாவாவில் இரண்டு வகுப்புகள் ஒன்றையொன்று துவக்கும்போது இரண்டு த்ரெட் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தால் அதே கதி. கோடில் ஒரு லாக்கும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தேடுவது கஷ்டம்.

மேயர்ஸ் கட்டுரையின் யோசனைகளில் ஒன்றை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை: த்ரெட்டுகள் கிளம்பும் முன்பே பொருளை உருவாக்கி வைத்துவிடுங்கள். சோம்பேறித்தனமாகத் தள்ளிப்போடுவதால் வரும் தொல்லைதானே இதெல்லாம். மெயினில் முதல் பத்து வரிக்குள் இணைப்பு எடுத்து, கிடைக்காவிட்டால் சர்வரே எழும்பாமல் சத்தம் போட்டு விழுந்தால், மேலே சொன்ன 3-வது செகண்ட் கதைக்கு இடமே இல்லை. இதில் எந்தப் பேட்டர்னும் இல்லை என்பதால் யாரும் கட்டுரை எழுதவில்லை போல.

உடைந்தது என்று சொன்ன அதே அறிக்கையில், பலர் தாண்டிப் போகும் ஒரு சின்னப் பகுதியும் உண்டு. ஒரு 32-பிட் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது மட்டும்தான் வேலை, எத்தனை தடவை கணக்கிட்டாலும் அதே விடைதான், பக்க விளைவு எதுவும் கிடையாது என்றால் லாக்கே தேவையில்லை என்கிறார்கள். இரண்டு த்ரெட் இரண்டு தடவை கணக்குப் போடும், ஒன்றை இன்னொன்று மேலெழுதும், அவ்வளவுதான். ஜாவாவின் ஸ்ட்ரிங் தன் ஹாஷ் எண்ணை இப்படித்தான் வைத்திருக்கிறது, லாக் இல்லாமல், வோலடைல்கூட இல்லாமல்.